அழுகண்ணியை விதையிலிருந்து வளர்த்தல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி என்றதும் நம்மில் பலருக்குப் பாடநூலில் பார்த்த குடுவைத் தாவரம்தான் நினைவுக்கு வரும். அது மேகாலய மலைகளில் வாழ்வது. ஆனால் அதே தொழிலைச் செய்யும் செடியொன்று தென்னாட்டுச் சமவெளியிலும் வாழ்கிறது. நீர் கசியும் மணற்பாங்கான தரையில், ஒரு நாணயத்தின் அகலத்துக்கு மேல் வளராமல், தரையோடு ஒட்டிச் சிவந்து கிடக்கும் அதன் பெயர் அழுகண்ணி. இலையில் நிற்கும் ஒவ்வொரு தூவியின் நுனியிலும் ஒரு பசைத்துளி கண்ணீர் போலத் தேங்கியிருப்பதால் அந்தப் பெயர். தாவரவியலார் இந்த இனத்துக்கு வைத்த டிரோசிரா என்னும் பெயர் பனித்துளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதே துளியில் நம் முன்னோர் கண்ணீரைக் கண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட டிரோசிரா வகைகள் மூன்று. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்புல்வெளிகளில் நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைக்கும் பெல்டேட்டா ஒன்று. நூல் போன்ற நீண்ட இலைகளுடன் நிமிர்ந்து வளரும் இண்டிகா மற்றொன்று. நான் இன்று பேசவிருக்கும், தரையில் வட்டமாகப் படரும் பர்மானி மூன்றாவது. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்ற பெயர் வேறு செடிகளுக்கும் வழங்குவதால், தாவரவியல் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் செடியை எங்காவது காண நேர்ந்தால், மண்ணோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றுவது இயல்பு. அதைச் செய்யாதீர்கள் என்று வேண்டிக்கொள்ளவே முதன்மையாக இங்கே வந்திருக்கிறேன். பர்மானி ஒருபருவச் செடி. முளைத்துச் சில மாதங்களில் பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். அதன் அடுத்த தலைமுறை முழுவதும் விதையில்தான் இருக்கிறது. பூக்கும் முன்னே பெயர்க்கப்பட்ட செடி நம் வீட்டிலும் நிலைப்பதில்லை, அது வளர்ந்த இடத்திலும் எதையும் விட்டுச்செல்வதில்லை. விதையிலிருந்து வளர்ப்பவருக்கோ ஒரு செடி கொடுக்கும் விதை ஆண்டுக்கணக்கில் போதும்.

இதை வளர்ப்பதில் நாம் முதலில் விட வேண்டியது உரமிடும் பழக்கம். டிரோசிரா வளரும் நிலம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இல்லாத, அமிலத்தன்மை கொண்ட ஏழை நிலம். அங்கே வேரால் பெற முடியாத சத்தைப் பூச்சியின் உடலிலிருந்து இலையால் பெற்றுக்கொள்ளும் வழியை அது கண்டுகொண்டது. அதன் வேர் சிறியது, உப்பைத் தாங்காதது. தொழுவுரம், மண்புழு உரம், செம்மண் ஆகியவற்றில் எதை இட்டாலும் அந்த வேர் கருகிவிடும். ஆகவே, சதுப்புநிலப் பாசி மட்கி உண்டான, உரம் கலக்காத பீட் பாசி மண் ஒரு பங்கும், நன்றாகக் கழுவிய பருமணல் அல்லது பெர்லைட் எனப்படும் பொரித்த வெண்கல் துகள் ஒரு பங்கும் கலந்து பயன்படுத்த வேண்டும். மணலில் சிறிது வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள், அந்த மணல் உதவாது. பீட் கிடைக்காதவர்கள் தென்னைநார்த் தூளைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். பயன்படுத்தலாம். ஆனால் அதில் பெரும்பாலும் உப்பு ஏறியிருக்கும் என்பதால், தூய நீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டியில் இட வேண்டும்.

மண்ணைவிட நீரே பெரிய செய்தி. என்னுடைய முதல் விதைப்பு முழுவதும் நீரால்தான் அழிந்தது. நான் குடியிருப்பது சென்னையில். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கீரைப்பாத்திக்கு ஊற்றுவது போலவே இதற்கும் ஊற்றினேன். முளைத்தவை பத்துக்கும் குறைவு. அவையும் ஒரு மாதத்தில் பழுத்து மறைந்தன. மண்ணின் மேல் வெண்ணிற உப்புப் படலம் மட்டும் மிஞ்சியது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீரே டிரோசிராவுக்கு ஏற்றது. இந்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் கடைகளில் கிடைக்கிறது. மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. வடகிழக்குப் பருவமழையில், முதல் மழை மாடியைக் கழுவிச் சென்ற பிறகு பிடிக்கும் நீரை மூடிய பீப்பாயில் சேர்த்து வைத்தால், சில தொட்டிகளுக்குக் கோடை வரை வரும். அது தீர்ந்தால் காய்ச்சி வடித்த நீர், அல்லது மீட்டர் வைத்துச் சரிபார்த்த ஆர்.ஓ. நீர். கொதிக்கவைத்து ஆறிய குழாய்நீர் உதவாது; கொதிப்பதால் உப்பு நீரை விட்டுப் போவதில்லை.

தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாகும்போது உப்பு அதிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அடியில் துளையுள்ள தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் எப்போதும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். மேலிருந்து ஊற்றினால் தூசியளவான விதைகள் அடித்துச் செல்லப்பட்டு ஓரத்தில் குவிந்துவிடும்.

விதைப்பதும் அதே எளிமை கொண்டதுதான். கரும்பொடி போன்ற விதைகளை மடித்த வெள்ளைத்தாளில் கொட்டி, தாளை விரலால் மெல்லத் தட்டி ஈரமண்ணின் மேல் பரவலாக உதிர்க்க வேண்டும். மேலே மண் போட்டு மூடவே கூடாது. டிரோசிரா விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். வெந்தயத்தையும் மல்லியையும் விதைத்துப் பழகிய கைக்கு அந்தக் கடைசிப் பிடி மண்ணைத் தூவாமல் நிறுத்துவது கடினம்; ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். பிறகு தொட்டியின் வாயை ஒளி புகும் பாலித்தீன் தாளால் மூடி, நேர்வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். மூடிய தொட்டி வெயிலில் இருந்தால் உள்ளே வெந்துவிடும்.

இணையத்தில் விதை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குளிர்நாட்டு வகைகளின் விதைகள் முளைப்பதற்கு முன் ஈரத்தோடு குளிர்பெட்டியில் சில வாரங்கள் இருக்க வேண்டும். வளர்ந்த பிறகும் அச்செடிகளுக்குக் குளிர்கால உறக்கம் தேவை, நம் சமவெளியில் அதைக் கொடுக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த கேப்பென்சிஸ் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கோவை, ஓசூர் போன்ற மிதமான ஊர்களில் இருப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். சென்னை வெப்பத்துக்கு நம் பர்மானியே பொருத்தம்.

முளைக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். எனக்கு இரண்டாம் முறை 17ஆம் நாளில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு வித்திலைகள் விரிந்ததும் நடுவிலிருந்து வரும் முதல் இலை ஒரு குண்டூசித் தலையைவிடச் சிறியது. அந்த இலையிலேயே சிவந்த தூவிகளும் ஒவ்வொன்றின் நுனியிலும் துளியும் இருக்கும். பிறந்த நாளிலேயே வேட்டைக்கு ஆயத்தமாக நிற்கும் அந்தக் காட்சிக்காகவே இத்தனை பாடும் தகும் என்பேன்.

அதன் பிறகு தேவைப்படுவது பொறுமை. பாலித்தீன் தாளை ஒரே நாளில் எடுத்துவிடாமல், பத்து நாட்களில் சிறிது சிறிதாகத் திறந்து, காலைவெயிலுக்குப் பழக்க வேண்டும். வெயில் போதாத செடி பச்சையாகவே நீண்டு பசை வற்றிவிடும். போதிய வெயில் பெற்றது சிவந்து துளிர்த்து நிற்கும். நாற்றுகளுக்குக் குளத்துமீன் உணவை மாவாகப் பொடித்து, தூரிகை நுனியால் இலைக்கு ஓர் அணுவளவு வைக்கலாம். மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். வளர்ந்த பர்மானியின் இலையோரத்தில் உள்ள நீண்ட தூவிகள் சில நொடிகளில் உள்நோக்கி மடங்குவதைக் கண்ணாலேயே காணலாம். இந்த இனத்தில் விரைவாக இயங்குபவற்றுள் அதுவும் ஒன்று.

உணவு கொடுப்பது வேடிக்கைக்காக மட்டும் அன்று. சார்லஸ் டார்வின் 1860 முதல் இந்த இனத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். பூச்சியால் செடிக்கு உண்மையில் பயன் உண்டா என்ற ஐயம் அதன் பின்னும் சிலரிடம் இருந்தது. அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் ஒரே தொகுதிச் செடிகளைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இறைச்சித் துணுக்குகளை ஊட்டிவந்தார். 1878இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஊட்டப்பட்ட செடிகள் மற்றவற்றைவிட இரு மடங்குக்கும் மேலான விதைகளைத் தந்தன. உண்ட உணவெல்லாம் விதைக்கே போயிற்று என்று சொல்லலாம்.

பர்மானி மெல்லிய தண்டில் சிறு வெண்பூக்களைத் தாங்கும். தன்மகரந்தச் சேர்க்கையால் காய்க்கும் என்பதால் ஒற்றைச் செடியே போதும். பூத்தண்டு பழுப்பாகிக் காய்ந்தபின் அதை ஒரு தாளின் மேல் கவிழ்த்துத் தட்டி விதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையில் இட்டால் விதை உறையோடு ஒட்டிக்கொள்ளும். வழுவழுப்பான தாளில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி, குளிர்பெட்டியில் உலர்ந்த டப்பாவுக்குள் வையுங்கள். தாய்ச்செடி வாடிய தொட்டியை மட்டும் கொட்டிவிடாதீர்கள். சென்ற ஆண்டு நான் கொட்டாமல் தட்டில் நீர் விட்டுவந்த ஒரு தொட்டியில், விதைக்காமலேயே, கார்த்திகை மழைக்குப் பின் 40க்கும் மேற்பட்ட நாற்றுகளை எண்ணினேன்.