ஒரு தோசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெட்டி

(திரையில்: பழைய கைப்பேசி. விரல் 'தோசை' என்ற வரியைத் தொடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தொடுகிறது.)

சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஓர் உணவுக்கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி எழுதிக் கொடுத்தேன். என் புதுக் கைப்பேசியில் வெண்ணெயாக ஓடியது. கடைக்கார அண்ணனின் பழைய கைப்பேசியிலோ, மதியக் கூட்டத்தின் நடுவில் உறைந்து நின்றது. கடைசியில், செயலி பதிலளிக்கவில்லை, மூடிவிடவா என்று கேட்டது.

"தம்பி, தோசையே வெந்துவிட்டது. உங்கள் செயலி இன்னும் வேகவில்லையே" என்றார்.

இணையத்தின் மேல் பழி போடப் பார்த்தேன். முடியவில்லை. குற்றம் நான் கட்டிய திரையில் இருந்தது.

(திரையில்: தையற்கடை. மாஸ்டருக்குப் பின்னால் உதவியாளர்கள் வரிசை.)

ஆண்ட்ராய்டு ஒரு திரையை முதலில் அளக்கும், பிறகு இடம் ஒதுக்கும், அதன் பிறகுதான் வரையும். வம்பு அளப்பதில் தொடங்குகிறது. மாஸ்டர் உதவியாளரிடம் அளவு கேட்கிறார். அவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்கிறார். வரிசையின் கடைசி ஆள்தான் நாடாவைப் பிடிக்கிறார். எழுத்தையும் பொத்தானையும் அடுக்கி வைக்கக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் உண்டு. பெட்டிக்குள் பெட்டி வைத்த திரையும் இப்படித்தான் வேலை செய்கிறது.

சில பெட்டிகள் ஒரே அளவை இரண்டு முறை கேட்கும். உறுப்புகளை ஒன்றையொன்று சார்ந்து வைக்கும் ரிலேட்டிவ் லேஅவுட் என்ற பெட்டிக்கு அது பழக்கம். உறுப்புகளை வரிசையாக வைக்கும் லீனியர் லேஅவுட்டும், 'வெயிட்' கொடுத்து மிச்ச இடத்தைப் பங்கிடச் சொன்னால், பல நேரங்களில் அப்படியே. இவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பத்து அடுக்குக்குக் கீழே இருப்பவரை 1,024 முறை அளக்க நேரலாம். ஒரே இடுப்பை! முன்பு எடுத்த அளவை நினைவில் வைத்து ஆண்ட்ராய்டு சிலவற்றைத் தவிர்க்கும். ஆனால் கேள்வி சற்று மாறினாலும் மீண்டும் நாடாதான்.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. அது தவறினால் திரை திக்கும். அளக்கும் அதே நூலிழைதான் (வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்கும் 'த்ரெட்') உங்கள் விரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். 5 நொடி வரை சொல்லாவிட்டால், அண்ணன் பார்த்த அந்த அறிவிப்பு வந்து நிற்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரு மொழிக் கோணமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கும் பொத்தான், தமிழுக்கு மாற்றியதும் 'கூடுதல் சாம்பார்' என்று இரண்டு வரியாகும். வரிசையின் உயரம் மாறும். மேலே உள்ள அத்தனை பெட்டிகளும் மறுபடி அளவு கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த எனக்கு இது எப்படித் தெரியும்?

(திரையில்: மேசையில் துண்டுச்சீட்டுகள் குவிந்து சரிகின்றன.)

இதுவரை சொன்னது உறைதல். நொடியில் மூடிக்கொள்வது வேறு கதை. கேள்வி கேட்ட ஒவ்வொருவரும் பதில் வரும்வரை மேசையில் ஒரு சீட்டு வைத்திருப்பார். மேசை சிறியது. வாடிக்கையாளர் கருத்துக்குப் பதில், அந்தப் பதிலுக்குப் பதில் என்று ஒன்றின் பெட்டிக்குள் அடுத்ததை வைத்துக்கொண்டே போனால், ஒருநாள் சீட்டு வைக்க இடம் இராது. அந்த மேசைதான் ஸ்டாக் என்னும் நினைவிடம். அது நிரம்பி வழிவதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அறிவிப்பு கேட்டுக்கொண்டிருக்காது, செயலி விழுந்துவிடும். பதில்களை ஒரே பட்டியலாக வைத்து, இடப்பக்க ஓரத்தை மட்டும் தள்ளினால் போதும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

2017இல் முதல் முழுப் பதிப்பு கண்ட கன்ஸ்ட்ரெய்ன்ட் லேஅவுட் என்ற பெட்டி, பல அடுக்கு வேலையை ஒரே அடுக்கில் முடிக்கும். திரை கட்ட 2021இல் வந்த புதிய கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸ் இன்னும் கறார்: ஒரே சுற்றில் உள்ளே இருக்கும் ஓர் உறுப்பை இரண்டாம் முறை அளக்கப் போனால் அங்கேயே பிழை வீசும். எனக்குப் பிடித்த கண்டிப்பு.

வெட்கமான பகுதி இனிமேல்தான். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் குறை காட்டும் கருவியான லின்ட், 10 அடுக்கைத் தாண்டினாலோ ஒரே லேஅவுட்டில் 80 உறுப்புகளுக்கு மேல் போனாலோ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை மாதக்கணக்கில் என் திரையில் இருந்தது. பிரித்துப் பார்த்தால், 'தோசை' என்ற ஒரு சொல்லைச் சுற்றிப் பன்னிரண்டு பெட்டிகள். அவற்றில் நான்கு, வெறும் இடைவெளி விடுவதற்காக நான் வைத்தவை.

இப்போது மூன்றுதான். பழைய கைப்பேசியிலும் ஆர்டர் தடையின்றிப் போகிறது. எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது என்று அண்ணன் நேற்றுச் சொன்னார். பெரிதாக்கினேன். 'கூடுதல் சாம்பார்' மூன்று வரியானது.