குடிப்படை ஓடியது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "நாட்டைக் காப்பது குடிமக்கள் படையா, நிலைப்படையா?" என்பது இன்றைய தலைப்பு. தேவைப்படும்போது திரளும் சாதாரண மக்கள் குடிப்படை; சம்பளம் வாங்கி, பயிற்சி பெற்று, எப்போதும் நிற்பது நிலைப்படை. எங்கள் அணி நிலைப்படையின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், குடிப்படையே நம் நம்பிக்கை என்று சொன்னவர் என்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெபர்சனைத் தோளில் சுமந்துவந்து மேடையில் இறக்கிவிட்டுப் போனார். மிக்க நன்றி. அவரை எங்கள் அணிக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு.

நிலைப்படை மீது ஜெபர்சனுக்கு இருந்த அச்சம் நியாயமானது. 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலேயே, சட்டமன்றங்களின் ஒப்புதல் இல்லாமல் அமைதிக் காலத்தில் படையை நிறுத்திவைத்தாய் என்று பிரிட்டிஷ் மன்னர் மீது குற்றம் சாட்டினார். ஒப்புதல் 'இல்லாமல்', ஐயா! அதை மட்டும் கவனியுங்கள். குற்றம் ஒப்புதல் இல்லாததில், படையில் அல்ல.

1781-இல், பிரிட்டனோடு விடுதலைப் போர் நடக்கையில், அவர் வர்ஜீனியா ஆளுநர். கட்சி மாறி பிரிட்டிஷாரிடம் போன அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டு ஜனவரியில் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்குள் நுழைகிறான். ஆளுநர் குடிப்படைக்கு ஓலை அனுப்புகிறார். திரண்டவர்கள் சொற்பம், அவர்களும் நிற்கவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம், பீரங்கி இழுக்க முடியுமா? ஜூனில் பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் குதிரைப்படை மான்டிசெல்லோவில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. ஜாக் ஜூவெட் என்ற வர்ஜீனியாக்காரர் இரவோடு இரவாகச் சுமார் 40 மைல் குதிரையில் விரைந்து எச்சரித்ததால் ஜெபர்சன் தப்பினார்.

பிறகு அவரே குடியரசுத் தலைவர். 1801 பதவியேற்பு உரையில் என்ன சொன்னார்? அமைதிக் காலத்திலும் போரின் முதல் கணங்களிலும் குடிப்படையே நம் நம்பிக்கை, நிலைப்படை வந்து பொறுப்பேற்கும் வரை! முன்பாதியை மட்டும் சொன்ன நண்பர் பின்பாதியைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டார். 1802-இல் படையைக் குறைத்த அதே சட்டத்தில்தான் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியும் பிறந்தது. 1808-இல் அவர் ஆட்சியிலேயே படை பெருகியது.

1812-இல் பிரிட்டனோடு மீண்டும் போர். ஓய்வில் இருந்தபடி, பிரிட்டிஷ் வசமிருந்த கனடாவைக் கியூபெக் வரை பிடிப்பது வெறும் நடைதான் என்று கடிதம் எழுதினார். அந்த அக்டோபரில் கனடா எல்லையில் உள்ள குயின்ஸ்டன் மேட்டுக்கு வாருங்கள். நடுவில் நயாகரா ஆறு. அக்கரையில் அமெரிக்க வீரர்கள் சாகிறார்கள். இக்கரையில் நியூயார்க் குடிப்படையில் பெரும்பகுதி, நாட்டு எல்லையைத் தாண்டுவது எங்கள் கடமையில் இல்லை என்று சட்டம் பேசிக்கொண்டு நிற்கிறது. அக்கரையில் இருந்தவர்கள் சிறைப்பட்டதுதான் மிச்சம். 1814 ஆகஸ்டில், தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள பிளேடன்ஸ்பர்க்கிலும் பிரிட்டிஷாருக்கு முன் குடிப்படை சிதறி ஓடியது. கடைசிவரை பீரங்கியை விடாமல் நின்றவர்கள் கடற்படைத் தளபதி ஜோஷுவா பார்னியின் மாலுமிகளும், மரைன்கள் எனப்படும் கடற்படைக் காலாட்களும். சம்பளம் வாங்கிப் பயின்றவர்கள். அன்றிரவே பிரிட்டிஷார் வைத்த தீயில் வெள்ளை மாளிகை எரிந்தது.

அடுத்து வரும் எதிரணியினர் 1815-இல் பிரிட்டிஷாரை முறியடித்த நியூ ஆர்லியன்ஸ் வெற்றியைச் சொல்வார்கள். சொல்லட்டும். அங்கே குடிப்படை மண் அரணுக்குப் பின்னால் நின்றது, பக்கத்திலேயே நிலைப்படையும் பீரங்கியும் இருந்தன. அங்கே ஓடும் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையைக் காத்த குடிப்படையோ அங்கேயும் ஓடியது. அந்தக் கரைக்கும் சேர்த்தே பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.