நீரே பழிப்பட்டீர்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கவிஞர்கள் கடவுளை எப்படிப் பாடினார்கள் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். போற்றிப் பாடியவர்கள் நம் மொழியில் ஏராளம். நான் இன்று சாமியோடு சண்டை போட்ட ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுந்தரர்.

திருவெண்ணெய்நல்லூரில் அவர் பாடிய முதல் பாட்டே ‘பித்தா’ என்றுதான் தொடங்குகிறது. தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பர் என்று அவருக்குப் பேர். குண்டையூரில் கொஞ்சம் நெல் கிடைத்தது, சுமக்க ஆள் இல்லை, ஏற்பாடு செய்து கொடுங்கள் என்று திருக்கோளிலியில் பதிகம் பாடியிருக்கிறார். வீட்டு நெல்லுப்பாடும் தேவாரத்துக்குள் வந்துவிட்டது!

சரி, சண்டைக்கு வருவோம். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். அப்புறம் திருவாரூர் நினைப்பு வாட்டுகிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் பார்வை இழக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது. திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். ‘உளோம் போகீர்’ என்று பதில் வருகிறது. இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான்! கூட ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது.

ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் வந்து நின்று பாடுகிறார்:

விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்தது இல்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே.

நான் அடகுப் பொருள் இல்லை, என்னை விற்றுக்கொள்ளலாம், நானாக விரும்பி வந்த அடிமை. ஒரு குற்றமும் செய்யாத என்னைக் கொத்தை, அதாவது குருடன் ஆக்கினீர். என் கண்ணை எதற்குப் பிடுங்கினீர்? பழி உமக்குத்தான். இன்னொரு கண்ணைத் தராவிட்டால் போகட்டும், நீராவது நல்லா இரும்! கோபித்துக்கொண்டு படியிறங்கும் உறவுக்காரர் விடுகிற வார்த்தை அல்லவா இது?

‘குற்றம் ஒன்றும் செய்தது இல்லை’ என்கிறாரே, அது நியாயமா? சத்தியத்தை மீறியவர் அவர்தான். வெண்பாக்கத்துப் பதிகத்தில், பிழை செய்தாலும் பொறுப்பீர் என்று நம்பித்தான் பிழைத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் வலி தாங்காதவன் வாயில் நியாயம் பார்த்தா பேச்சு வரும்? அந்தப் பேச்சைத் திருத்தாமல் அப்படியே சுந்தரர் பாடல்களின் தொகுப்பான ஏழாம் திருமுறையில் சேர்த்துக் கோயிலிலே ஓத வைத்தார்களே, அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கோபத்தையும் பக்திக்குள்ளேயே வைத்துக்கொண்ட மரபு நம்முடையது. ‘நல்லதோர் வீணைசெய்தே அதை நலங்கெடப் புழுதியில் எறிவதுண்டோ’ என்று பாரதி சிவசக்தியை நிறுத்திக் கேட்டானே, அதுவும் இந்த உரிமையில்தான்.

பதிகத்தின் கடைசிப் பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பொதுவாகத் தேவாரப் பதிகம் முடியும் இடத்தில், இதைப் பாடுவோருக்கு இன்ன பலன் கிடைக்கும் என்று வரும். இங்கே பலனே இல்லை. ஆரூரன் என்று தன் பேரைப் போட்டுவிட்டு, ‘பாரூர் அறிய என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்’ என்று ஊரைக் கூட்டி முறையிடுகிறார். வலக்கண்ணும் கிடைத்தது என்கிறார் சேக்கிழார். அந்தச் செய்தி பதிகத்தில் இல்லை.