ஆழ்கடல் தூண்டில் மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டில் ஏலத்துக்குப் போகாமல் ஓரமாகத் தள்ளிவைக்கும் கழிசல் மீனைக் கிளறினால், தட்டையாய், முள் முள்ளாய், வட்டமான ஒரு மீன் சில நாள் அகப்படும். ஹாலியூட்டியா என்பது அதன் பேரினம். வாய்க்கு மேலே சின்னக் குழி. அதற்குள் மடங்கிய குட்டித் தண்டு. முதுகுத் துடுப்பின் முதல் முள்தான் அப்படித் தூண்டிலாக மாறியிருக்கிறது. இப்படித் தூண்டில் உள்ள மீன்களை வகைப்பாட்டில் ஒரே வரிசையில் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு லோஃபிஃபார்மிஸ் என்று பெயர்.

இன்று பேசப்போவது இதன் ஆழ்கடல் உறவினர்களை. செராட்டியாய்டி என்ற துணைவரிசை. 11 குடும்பங்கள், ஏறக்குறைய 170 இனங்கள். பெரும்பாலானவை 1000 மீட்டருக்கும் கீழே, வெயிலே எட்டாத இருட்டில் வாழ்பவை. தண்டின் நுனியில் ஒரு குமிழ். அதில் சிறு துளை. உள்ளே ஒளிரும் பாக்டீரியா. விதிவிலக்கும் உண்டு: காலோஃப்ரைனி என்ற பேரினத்துக்குத் தண்டு உண்டு, பாக்டீரியா விளக்கு இல்லை, நியோசெராட்டியாஸ் என்ற பேரினத்துக்குத் தண்டே இல்லை.

குமிழின் கிளைகளும் இழைகளும் இனத்துக்கு இனம் வேறு. இனம் பிரிப்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான். வலையில் உரசி அது பிய்ந்துவிட்டால் நிபுணர்கூடப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அதனால் மீன் மேலே வந்ததும் கடல்நீர்த் தட்டில் மிதக்கவிட்டுக் குமிழைப் படம் எடுக்க வேண்டும். அடுத்து ஒரு துண்டுச் சதையை 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மீன் 10 சதவீத ஃபார்மலினுக்குள் போகலாம். வரிசை மாறினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், மரபணு ஆய்வுக்கு அந்த மீன் உதவாது.

இந்த ஆழ்கடல் மீன்களில் இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் பெண் மீன். கவனியுங்கள், பெண் மட்டும். ஆணுக்குத் தூண்டிலே கிடையாது. அளவும் அற்பம்: ஃபோட்டோகோரினஸ் இனத்தில் 6.2 மில்லிமீட்டர் ஆண் ஒன்று பெண்ணின் முதுகில் ஒட்டியபடி கிடைத்திருக்கிறது. தனியாக நீந்தும் ஆண்களை முன்பு வேறு இனமென்று நினைத்து வேறு பெயர் வைத்தார்கள். 1922-இல் ஐஸ்லாந்தின் மீன் ஆய்வாளர் பியார்னி சாமுண்ட்சன், ஒரு பெரிய பெண்ணின் உடலில் ஒட்டிய இரண்டு சிறு மீன்களைக் குஞ்சுகள் என்றே எண்ணினார். 1925-இல் லண்டனில் மீன் ஆய்வாளர் டேட் ரீகன் அப்படி ஒட்டிய ஒன்றை ஆராய்ந்து, அது ஆண் என்று சொன்னார். ஆண் கடித்துப் பற்றிய இடத்தில் இரண்டின் தோலும் சதையும் ஒன்றாகி, ரத்தமே பெண்ணிடமிருந்து வருகிறது. எல்லா இனத்திலும் இல்லை. மெலனோசீட்டஸ் என்ற பேரினத்தில் ஆண் கொஞ்ச காலம் பற்றிக்கொண்டு விலகிவிடும்.

அந்நிய உடலைப் பெண் மீன் எப்படி ஏற்கிறது? சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் ஆயுளுக்கும் எதிர்ப்பு அடக்கும் மாத்திரை விழுங்குவது சென்னையில் நமக்குத் தெரிந்ததுதானே. 2020-இல் வெளிவந்த ஆய்வு, பல ஆண்கள் நிரந்தரமாக ஒட்டும் இனங்களில் ஆன்டிபாடி, அதாவது அந்நியப் பொருளை எதிர்க்கும் புரதம், உண்டாக்கத் தேவையான ரேக் மரபணுக்களே போய்விட்டன என்று காட்டியது. மருந்தே வேண்டாம், எதிர்க்கும் ஏற்பாடே இல்லை!

நேரம் நெருங்கிவிட்டது. அழுத்தத்தைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது, இரண்டே வரி. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம், 1000 மீட்டரில் நூறு. இவற்றுக்குக் காற்றுப்பை இல்லை, நசுங்கக் காற்றும் இல்லை. சதை நீர் கோத்தது, எலும்பு மெலிந்தது. வயிறு மட்டும் விரியும். பற்கள் உள்பக்கம்தான் மடங்கும், விழுங்கியதைத் துப்ப வழியில்லை. தன்னைவிட நீளமான மீனை விழுங்கிவிட்டு மேல்நீரில் மிதந்த பெண் மீன்கள் கிடைத்திருக்கின்றன. வணக்கம்.