நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, மனிதருக்கு இல்லை! மான் உண்ணி பரப்பும் நோய்

[திரையில்: விரல்நுனியில் ஒரு கரும்புள்ளி]

வணக்கம் நண்பர்களே! இந்தக் கரும்புள்ளியை நன்றாகப் பாருங்கள். மச்சம் இல்லை, எட்டுக் கால் உள்ள ஓர் உயிர். கசகசா அளவே இருக்கும் மான் உண்ணிக் குஞ்சு. இது பரப்பும் லைம் நோய்க்கு அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது. அங்கே வளர்ப்பு நாய்க்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போடலாம். நாயை வளர்ப்பவருக்குப் போட முடியாது!

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களின் நடுவில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு வரிசையாக முழங்கால் வீங்கியது. தாய்மார்கள் விடாமல் கேட்டார்கள், யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராய வந்தார். 1982-ல் விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபரின் குழு, இந்த நோய்க்குக் காரணமான சுருள் பாக்டீரியா உண்ணியின் வயிற்றில் இருப்பதை உலகுக்கு அறிவித்தது.

பழியெல்லாம் மான்மேல் விழுகிறது. ஆனால் மான் உடலில் இந்தக் கிருமி தங்காது. வளர்ந்த உண்ணிக்கு அது வயிறார ரத்தம் தரும், அவ்வளவுதான். கிருமியைச் சுமப்பது வெள்ளைக்கால் சுண்டெலி. உண்ணிக் குஞ்சு அதன் ரத்தத்தைக் குடிக்கும்போதே கிருமியும் சேர்ந்து உள்ளே போகிறது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம்!

பசியோடு இருக்கும் உண்ணியின் வயிற்றில் கிருமி சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும். உண்ணி நம்மைக் கடிக்கிறது. வலிக்காது, ஏனென்றால் அதன் எச்சிலிலேயே உணர்வை மழுங்கடிக்கும் பொருள் இருக்கிறது. சூடான ரத்தம் உள்ளே போனதும்தான் கிருமி விழிக்கிறது. தன் மேல்தோலில் இருந்த ஒரு புரதத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு, வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்குக் கிளம்புகிறது. இந்தப் பயணம் முடிந்து நம் உடலுக்குள் வர, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைம்ரிக்ஸ் தடுப்பூசி, இந்த இடைவெளியில்தான் புகுந்தது. ஊசி போட்டவரின் ரத்தத்தில், கிருமி கழற்றப்போகும் அந்த முதல் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் தயாராக இருக்கும். உண்ணி ரத்தத்தோடு அதையும் சேர்த்துக் குடிக்கும். கிருமி கிளம்பும் முன்பே, உண்ணியின் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போகும்! யோசித்துப் பாருங்கள், நம் உடலுக்குள் சண்டையே நடப்பதில்லை. நாம் உண்ணிக்கு மருந்து கொடுக்கிறோம். தடுப்பூசிகளிலேயே எனக்கு இதைவிட அழகான யோசனை தெரியாது.

மூன்று தவணை போட்டவர்களில் சுமார் 76 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் மூட்டுவலி வருகிறது என்று புகார்கள் எழுந்தன, வழக்குகள் வந்தன. ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படியும் விற்பனை சரிந்து, 2002-ல் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. எனக்கு இது பெரிய வருத்தம். பயம் ஜெயித்து, நல்ல மருந்து தோற்றது. பைசர், வால்நேவா என்ற மருந்து நிறுவனங்கள் அதே வழியில் செய்த இன்னொரு தடுப்பூசிக்கு 2022-ல் மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கின.

இதே உண்ணி அனாபிளாஸ்மோசிஸ், பபேசியோசிஸ் என்ற வேறு இரண்டு நோய்களையும், பொவாசன் என்ற வைரஸையும் பரப்பும். பொவாசன் மட்டும் 24 மணி நேரமெல்லாம் காத்திருக்காது, 15 நிமிடமே போதும். நல்லவேளை, அது அரிது.

நியூஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் அண்ணன், அக்கா, பிள்ளைகள் இருந்தால் இந்தக் காணொளியை அவர்களுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். லைம் நோயின் முதல் அடையாளம், கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் விரியும் தடிப்பு. பாடப் படங்களில் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டமாகக் காட்டுவார்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது கன்றிய காயம் போல மங்கலாகத் தெரியலாம், கண்ணில் படாமலே போகலாம். தடிப்பே வராதவர்களும் உண்டு. கண்டுபிடிக்கத் தாமதமானால் மூட்டு, முகநரம்பு, இதயம் வரை பாதிக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சி வேண்டாம், வாசலினும் வேண்டாம். கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள். சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால், மருத்துவரிடம் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.