பல்பு போடாமலே புள்ளி முட்டை போட்டாள்

வணக்கம் மக்களே. கேமரா ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு கையில் முட்டை இருக்கிறது. ஆமாம், முட்டை! நம்ம கோழி புள்ளி போட்டது. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து முட்டையில்லாத கூண்டையே காட்டிக்கொண்டிருந்தேன். "கோழி வளர்க்கிறீர்களா, பொம்மை வளர்க்கிறீர்களா" என்று கேட்டவர்கள் எல்லாரும் முன்வரிசைக்கு வாருங்கள். கிட்டே காட்டுகிறேன். தெரிகிறதா? அழுத்தினால் லேசாக உள்ளே போகும், அதனால் அழுத்த மாட்டேன். தோல்முட்டைதான். ஓடு சரியாகக் கட்டவில்லை. இருந்தால் என்ன, முட்டை முட்டைதான்.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு வருகிற முதல் முட்டை இப்படி வருவதுண்டு. ஒரு முட்டை முழுதாக உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும். ஓட்டில் முக்கால்வாசிக்கும் மேலே கால்சியம் கார்பனேட். இதே மாதிரி ரெண்டு மூணு வந்தால் கவலைப்படலாம். அதுவரை, பழைய முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன், வேண்டியதை அவர்களே கொத்திக்கொள்வார்கள். நன்றாகப் பொடியுங்கள். முட்டை வடிவத்திலேயே போட்டால் ருசி பிடித்துப்போய், போடுகிற முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

சரி, இப்போது பல்பு விஷயம். போன வீடியோவுக்குக் கீழே போய்ப் பாருங்கள், பாதிப் பேர் "கூண்டில் பல்பு போடு, முட்டை கொட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டும், இல்லை என்று சொல்லவில்லை. கோழி நன்றாக முட்டையிட ஒரு நாளைக்குக் குறைந்தது 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். பகல் சுருங்கினால் முட்டையும் நிற்கும். குளிரைவிட இந்த வெளிச்சக் கணக்குதான் பெரிய காரணம். அந்த வெளிச்சத்தைக் கோழி கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போகிற வெளிச்சத்தை மூளையே நேராக உணரும். கண் தெரியாத கோழிக்குக்கூட பகல் நீளுவது தெரியும். முதல்முறை இதைப் படித்தபோது எழுந்துபோய் நம்ம இன்னொரு கோழி கிழவியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பண்ணை வைத்திருப்பவர்களுக்குப் பல்பு பிழைப்பு, அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கொல்லையில் வேண்டாம். கிழவியைப் பார்த்தீர்கள் அல்லவா? கழுத்தில் ஒரு இறகு இல்லை, பழைய பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரி நிற்கிறாள். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கிற நேரம் இது. இறகில் ஏறக்குறைய 85 சதவீதம் புரதம். தின்பதெல்லாம் அதற்கே போகும்போது முட்டைக்கு எங்கே போவது? புது இறகு முளைக்கிற இடத்தில் கை பட்டாலே வலிக்கும், அதனால் இப்போது யாரையும் தூக்குவதில்லை. "மடியில் வைத்து வீடியோ போடுங்கள்" என்று கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லவே இல்லை. முட்டை எங்கே கிடைத்தது தெரியுமா? நான் வைக்கோல் பரப்பி, திரைச்சீலை எல்லாம் தொங்கவிட்டு, ஒரு வீடியோ முழுக்கக் காட்டினேனே முட்டைப்பெட்டி, அதில் இல்லை. முட்டைக்கோஸ் பாத்தியில், ஒரு இலைக்கு அடியில். கேறுகிற சத்தம் கேட்டு ஓடினால், அம்மணி இலைக்குள்ளிருந்து எழுந்து வருகிறாள்.

சின்ன வயதில் இதுதான் என் வேலை. பாட்டியின் கோழிகள் ஒன்றும் சொன்ன இடத்தில் முட்டையிடாது. கேறுகிற கோழியின் பின்னாலேயே, அது பார்க்காத மாதிரி நான் பார்த்துக்கொண்டே போக வேண்டும். திரும்பினால் நான் வானத்தைப் பார்ப்பேன். விறகு அடுக்கின் பின்னால், பழைய கூடைக்குள், ஒருமுறை தாத்தாவின் செருப்புக்குப் பக்கத்தில். முட்டையைக் கொண்டு வந்தால் பாட்டி முதலில் காதோரம் வைத்துக் குலுக்குவாள், கூமுட்டையா என்று பார்க்க. அடைவைத்த முட்டையை மட்டும் குலுக்கவே கூடாது, இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் வாக்கில் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலையாக விரியும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். 21 நாளில் குஞ்சு. எனக்கு அந்த டார்ச்சைப் பிடிக்கிற உரிமை கிடைக்கப் பெரியம்மா மகனோடு சண்டையே நடந்திருக்கிறது. இந்தத் தோல்முட்டையை இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு அப்படியே தெரிகிறது, பாருங்கள். குஞ்சு வராது, நம்மிடம் சேவல் இல்லை. சேவல் இல்லாமல் முட்டை எப்படி என்று மறுபடியும் கேட்காதீர்கள். முட்டைக்குச் சேவல் வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேண்டும்.

இனி இன்றைய உண்மையான வெற்றிக்கு வருகிறேன். வலை! கொத்தமல்லிப் பாத்தியைக் கோழிகள் கிளறிக் கிளறி என்ன கதி ஆனது என்று பார்த்திருப்பீர்கள். குச்சி நட்டேன், தள்ளிவிட்டார்கள். சுற்றி வலை கட்டினேன், கருப்பி பறந்து உள்ளே குதித்தாள். கல் அடுக்கினேன், கல்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தார்கள். இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், கம்பிவலையை நிற்க வைக்காமல் மண்மேல் படுக்கப் போட்டுவிட்டேன். விதை போட்டு, மண் மூடி, மேலே வலை, நாலு மூலையிலும் வளைத்த கம்பியால் குத்தி இறுக்கியாச்சு. செடி ஓட்டை வழியாக மேலே வரும், கோழிக்கால் மட்டும் மண்ணைத் தொடாது. காலையில் செவலை வந்தாள். ஒரு கிளறு. கம்பியில் நகம் கிறீச். இன்னொரு கிளறு. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வீடியோவைத் தனியாகவே போடப் போகிறேன், சிரிக்காதீர்கள். இதே முறைதான் முள்ளங்கிக்கும். ஓட்டை சிறியதாக இருந்தால் கிழங்கு பருக்கும்போது மாட்டிக்கொள்ளும், அதனால் முளைத்துக் கொஞ்சம் பிடித்ததும் வலையை எடுத்துவிட வேண்டும்.

கேரட்டைப் பற்றி ஒரே வரி. குளிர் படட்டும், அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். குளிரில் உள்ளே இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். முட்டைக்கோஸும் அப்படித்தான். எனக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது என்பது வேறு விஷயம், கோழிக்காகத்தான் போடுகிறேன்.

கூண்டுக்குக் குளிருக்காக எல்லா ஓட்டையையும் அடைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கோழியின் உடல் சூடு 41 டிகிரி அளவில் இருக்கும், இறகை உப்பிக்கொண்டு தாங்கிவிடும். எச்சத்தின் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் வெளியே போகாவிட்டால்தான் சளி பிடிக்கும், கொண்டையும் உறையும். கூரையோரம் காற்றுக்கு வழி விடுங்கள், படுக்கிற இடத்தில் மட்டும் நேராகக் காற்றடிக்கக் கூடாது. அந்த எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடவும் கூடாது, வேர் கருகும். சில மாதம் மட்க வேண்டும்.

அடுத்த வாரம் ரெண்டு விடைக்கோழிகள், அதாவது முட்டையிடத் தொடங்குகிற வயதுக் கோழிகள், வருகின்றன. முதல் பனிக்காலத்தில் விடைக்கோழிகள் பெரும்பாலும் நிறுத்தாமல் முட்டையிடும், அதனால் முட்டைக்காக அழுதவர்களுக்கு அது போதும். முதலில் தனியாக வைத்து, நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, பிறகு வலைக்கு அந்தப் பக்கம் விட்டுப் பழக்க வேண்டும். கொத்துவதில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று இவர்களுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பெ என்பவர் சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கி, 1922-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். நம் வீட்டில் கருப்பிதான் முதலிடம், கிழவிகூட ஒதுங்கிப் போவாள். புதியவர்களுக்குப் பெயர் சொல்லுங்கள். சேவலையும் வாங்கு என்று மட்டும் எழுதாதீர்கள், என்னை எழுப்ப போன் அலாரம் இருக்கிறது.