குமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை: மிதிவண்டியில் கடந்த ஆறுகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தனியாக மிதிவண்டியில் சென்ற பயணத்தைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பயணம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தங்கிய விடுதிகளும் உண்ட உணவும் நினைவில் மங்கிவிட்டன. ஆனால் கடந்த ஆறுகளை இன்றும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். ஆகவே எனக்கு அளித்த நேரம் முழுவதும் ஆறுகளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

குமரி முனையையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீளமுடையது. பேருந்தில் செல்லும்போது ஆற்றை எட்டிப் பார்ப்பதற்குள் பாலம் முடிந்துவிடும். மிதிவண்டியில் செல்பவருக்கோ பாலம் வருவதற்குப் பல கிலோமீட்டருக்கு முன்பே ஆறு தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும் சாலையில் மிதிக்கும் கால் திடீரென்று இலேசாகும். நிலம் எங்கோ ஓர் ஆற்றை நோக்கிச் சரிகிறது என்று அப்போதே அறிந்துகொள்ளலாம். பாலத்தைத் தாண்டியபின் இறங்கிய உயரத்தை மீண்டும் ஏறித் தீர்க்க வேண்டும். மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்ற நேயர்கள் தங்கள் ஊர் ஆற்றுப்பாலத்துக்கு முன்னும் பின்னும் இதை உணர்ந்திருப்பார்கள்.

நான் மாசி மாதத்தில் புறப்பட்டேன். வாடைக்காற்று தணிந்திருக்கும் என்பதும், காஷ்மீரை அடையும்போது பனி உருகத் தொடங்கியிருக்கும் என்பதும் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள். திருநெல்வேலியில் தாமிரபரணி நீரோடு இருந்தது. மதுரைக்கு அருகே வைகை மணலாகக் கிடந்தது. பரமத்தி வேலூரில் காவிரியும் பெரும்பாலும் மணல்தான். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம் என்பதால், மாசியில் அதில் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அந்தப் பாலத்தை மிதித்துக் கடக்க எடுத்துக்கொண்ட நேரமே, வெள்ளம் வரும்போது காவிரி எவ்வளவு இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது.

தொப்பூர் கணவாயில் ஏறி, தருமபுரி, ஓசூர் வழியாகப் பீடபூமியை அடைந்த பிறகு ஆறுகள் அரிதாகிவிடுகின்றன. அனந்தபுரத்தின் வறண்ட நிலத்தில் வடபெண்ணை, கர்நூலில் துங்கபத்திரை, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்குச் சற்று முன்னே கோதாவரி. இவை அனைத்தும் வங்கக்கடலை நோக்கி ஓடுபவை. வடக்கு நோக்கிச் செல்பவருக்கு இவற்றின் நீர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஓடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நர்மதையில் இது மாறப்போகிறது.

நாகபுரிக்கு வடக்கே சிவனி, லக்னாதோன் வழியாகச் சாத்புரா மலைத்தொடரைக் கடந்து, நரசிங்கபூர்ச் சமவெளியில் இறங்கினால் பர்மான் படித்துறை வருகிறது. அமர்கண்டக்கில் பிறந்து 1,312 கிலோமீட்டர் மேற்காக ஓடி அரபிக்கடலில் கலக்கும் நர்மதையை அங்கேதான் முதன்முறையாகக் கண்டேன். அன்று மாலை தென்கரைப் படித்துறையில் வெள்ளைப் புடவை அணிந்த முதிய அம்மையார் ஒருவர் ஒரு கோலும் சிறு மூட்டையுமாக அமர்ந்திருந்தார். நர்மதை பரிக்கிரமா செய்கிறவர் அவர். அதாவது, ஆற்றை எப்போதும் வலக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த இடத்திலும் அதைக் குறுக்கே கடக்காமல், இரு கரைகளையும் முழுவதுமாக நடந்து சுற்றிவருகிறவர். “நர்மதே ஹர்” என்று என்னை வாழ்த்திவிட்டு, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தம் தங்கை எதிர்க்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் வசிப்பதாக அவர் கூறினார். பாலம் கண்ணெதிரே இருந்தது. ஆனால் அவர் கடல்வரை நடந்து, கழிமுகத்தில் படகேறி, வடகரை வழியாகக் கிழக்கே திரும்பி வந்தால்தான் அந்த வீட்டை அடைய முடியும். “நீ நாளைக் காலையில் கடந்துவிடுவாய், மகனே, நான் மெதுவாக வருகிறேன்” என்றார். அவர் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை. எங்கள் ஊர் ஆற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டபோது, ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலையும் கருகமணியும் விடுவதைச் சொன்னேன். நர்மதைக்குத் தாங்கள் புடவை சாத்துவதாகச் சொல்லி அவர் மிகவும் மகிழ்ந்தார். மறுநாள் பாலத்தின் நடுவே நின்று பார்த்தேன். நீர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம், அந்த அம்மையார் நடந்துபோன திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நர்மதையிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். நேரம் குறைவாக இருப்பதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். விந்தியத்தில் ஏறிச் சாகரை அடைந்தால் அதன்பின் பெய்யும் மழையெல்லாம் கங்கைக்குச் சொந்தம். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே சம்பல் ஆறு மீண்டும் இடமிருந்து வலமாக ஓடுகிறது. மழைநீர் அரித்துப் பிளந்த மண்மேடுகளுக்கிடையே சாலை இறங்குவதால், அங்கே ஆறு நெருங்குவதைக் கண்ணே சொல்லிவிடும்.

இன்னொன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். கங்கைச் சமவெளியையும் சிந்துச் சமவெளியையும் பிரிக்கும் மேடு அம்பாலாவை ஒட்டி இருக்கிறது. இத்தனை ஆறுகளை முன்கூட்டியே அறிந்த கால்களுக்கு அந்த மேடு தெரியவே இல்லை. கோதுமை வயல்களுக்கிடையே ஏற்றமும் இறக்கமும் இன்றிச் சாலை சென்றது. லூதியானாவுக்கு அப்பால் சட்லெஜ் பாலத்தில் நீர் வலமிருந்து இடமாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான், அந்தப் பெரும் நீர்ப்பிரிவைக் கடந்துவிட்டதை உணர்ந்தேன்.

பியாஸ், ராவி, ஜம்முவில் தாவி, ராம்பனில் பாறைகளுக்கிடையே இரைந்தோடும் செனாப் ஆகியவற்றைப் பெயரளவில்தான் சொல்ல முடிகிறது. பனிஹாலைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கியதும், ஜீலம் ஆற்றின் தோற்றுவாயான வெரிநாக் ஊற்றை, ஜஹாங்கீர் கட்டுவித்த எண்கோணத் தொட்டியில் காணலாம். அங்கிருந்து ஸ்ரீநகர் வரையிலான சாலையைப் பற்றிப் பேச இன்று நேரம் இல்லை. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் பொறுமையுடன் கேட்ட நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.